வெலாஸ்கெஸின் சிவப்புச் சிலுவை: ஓவியர், அரசர், பிரபு அந்தஸ்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் அரண்மனையில் 1623 முதல் 1660 வரை ஓவியராக இருந்தவர் டியேகோ வெலாஸ்கெஸ். ஐரோப்பா கண்ட மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் அந்த மனிதர் வாழ்நாளில் பாதியை ஒரு பிரபுப் பட்டத்துக்காக அலைந்தே கழித்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை, கவனித்தாலும் "இவ்வளவு பெரிய கலைஞனுக்கு இந்தப் பதவி ஆசை எதற்கு" என்று முகம் சுளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வெறும் பதவி ஆசையாகத் தெரியவில்லை. ஏன் என்பது கீழே இருக்கும் பதில்களில் வரும்.

முதலில், யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1599இல் செவில் நகரத்தில் பிறந்தவர். அப்பா வழித் தாத்தாவும் பாட்டியும் போர்ச்சுகலிலிருந்து வந்து குடியேறியவர்கள். பதினொரு, பன்னிரண்டு வயதில் பிரான்சிஸ்கோ பச்செகோ என்ற ஓவியரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார், 1617இல் ஓவியர் சங்கத்தின் தேர்வில் தேறி உரிமம் வாங்கினார், அடுத்த ஆண்டே குருவின் மகள் ஜுவானாவைக் கல்யாணம் செய்துகொண்டார். முட்டை பொரிக்கும் கிழவி, தெருவில் தண்ணீர் விற்கும் ஆள் என்று சமையலறையையும் தெருவையும் வரைந்த காலம் அது. அந்த மண் கூஜாவின் மேல் வழியும் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்தாலே போதும், இருபது வயதிலேயே பையனுக்குக் கை எப்படி வந்திருக்கிறது என்று புரியும்.

செவிலிலிருந்து அரண்மனைக்கு எப்படிப் போனார்?

சிபாரிசுதான். 1621இல் நான்காம் பிலிப் பதினாறு வயது நிறையும் தறுவாயில் பட்டத்துக்கு வந்தார். ஆட்சி உண்மையில் ஒலிவாரெஸ் பிரபுவின் கையில். அந்த ஒலிவாரெஸின் குடும்ப வேர் செவிலில். தன் ஊர்க்காரர்களை அரண்மனைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார், பச்செகோவுக்கோ அங்கே போதுமான ஆட்களைத் தெரியும். 1622இல் வெலாஸ்கெஸ் மாட்ரிட் போனது காரியமாகவில்லை. 1623இல் அழைப்பு வந்து போனார், ஆகஸ்டில் அரசரை வரைந்தார், அக்டோபரில் அரசரின் ஓவியராக நியமன உத்தரவு கைக்கு வந்துவிட்டது. மாதம் 20 டுகாட் சம்பளம், படங்களுக்குத் தனிக் கூலி. அப்போது அவருக்கு வயது 24, அரசருக்கு 18. அதன் பிறகு இருவரும் சாகும் வரை பிரியவில்லை, இரண்டு இத்தாலிப் பயணங்களைத் தவிர.

அரசரின் ஓவியர் என்றால் ஏற்கெனவே பெரிய ஆள்தானே? தனியாகப் பிரபு ஆக வேண்டிய தேவை என்ன?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மையம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அன்றைய ஸ்பெயினில் சமூகம் இரண்டாகப் பிரிந்திருந்தது: வரி கட்டுகிறவர்கள், கட்டாதவர்கள். கீழ்மட்டப் பிரபுவுக்கு 'இடால்கோ' என்று பெயர். கையில் காசில்லாத, கிழிந்த அங்கி போட்ட இடால்கோகூட நேரடி வரி கட்ட வேண்டாம், பொதுவாகக் கடனுக்காகச் சிறையில் போட முடியாது, விசாரணையில் சாதாரண ஆளைப் போல அவனைச் சித்திரவதை செய்யவும் முடியாது. அப்படியென்றால் இது அலங்காரப் பட்டம் இல்லை, உடம்புக்கும் சொத்துக்கும் ஒரு கவசம்.

இந்தக் கவசம் யாருக்குக் கிடையாது? கையால் வேலை செய்து பிழைப்பவனுக்கு. தச்சன், தையல்காரன், கொல்லன் வரிசையில்தான் ஓவியனும் இருந்தான். ஓவியம் கைத்தொழிலா, அறிவுத்தொழிலா என்பது வெறும் தத்துவச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், அதில் ரொக்கம் இருந்தது. கைத்தொழில் என்றால் விற்ற படத்துக்கு விற்பனை வரி. எல் கிரெக்கோ இந்த வரியை எதிர்த்து இயெஸ்காஸ் என்ற ஊரில் வழக்காடினார். மாட்ரிட் ஓவியர்கள் கவிஞர்களையெல்லாம் சாட்சிக்கு அழைத்து வழக்கு நடத்தி 1633இல் சாதகமான தீர்ப்பு வாங்கினார்கள்.

வெலாஸ்கெஸ் விஷயத்துக்கு வருவோம். 1629 வாக்கில் அவருக்குத் தினப்படி 12 ரியால் என்று உத்தரவாகிறது. அரசரின் அறையில் பணிபுரியும் நாவிதர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு என்று அந்த உத்தரவே சொல்கிறது. அரசரின் முகத்தை உலகத்துக்குக் காட்டுகிறவரும் அந்த முகத்தைச் சவரம் செய்கிறவரும் கணக்குப் பிள்ளையின் ஏட்டில் ஒரே வரிசை. நாவிதர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அரண்மனையின் கண்ணில் இரண்டும் சேவகம் என்பதுதான் விஷயம்.

மற்ற நாட்டு ஓவியர்களுக்கும் இதே கதிதானா?

இல்லை, அதுதான் வெலாஸ்கெஸை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். நூறு ஆண்டுக்கு முன்பே, 1533இல், பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் வெனிஸ் ஓவியர் டிஷியனுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்திருந்தார். அந்த டிஷியனின் படங்கள் மாட்ரிட் அரண்மனைச் சுவரெல்லாம் தொங்கின, வெலாஸ்கெஸ் தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருப்பார். பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி, அப்போது ஸ்பெயினின் கீழ்) ஓவியர் ரூபன்ஸுக்கு 1624இல் நான்காம் பிலிப்பே பிரபு அந்தஸ்து கொடுத்தார், 1630இல் இங்கிலாந்தின் முதலாம் சார்ல்ஸ் வீரப்பட்டமும் கொடுத்தார்.

ஆனால் பட்டம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ரூபன்ஸ் அரசியல் தூதராகவும் ஓடியாடிக்கொண்டிருந்தவர். பிளாண்டர்ஸை ஆண்ட இளவரசி இசபெல்லா அவரைச் சமாதானப் பேச்சுக்கு அனுப்பியபோது, இவ்வளவு பெரிய காரியத்தில் ஒரு ஓவியனைக் கொண்டுவந்து சேர்த்தது ராஜ்யத்துக்கு மதிப்பாக இல்லை என்று இசபெல்லாவுக்கு எழுதி வருத்தப்பட்டவர் இதே நான்காம் பிலிப்தான்! பட்டம் கொடுத்த மூன்றாவது ஆண்டில். அப்புறம் 1633இல் ஆர்ஸ்கோட் பிரபு, என் தகுதியில் இருப்பவர்களுக்கு உன் தகுதியில் இருப்பவர்கள் எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்று இனியாவது கற்றுக்கொள் என்ற தோரணையில் ரூபன்ஸுக்கு எழுதினார். ஐரோப்பாவே கொண்டாடிய மனிதருக்கு இந்த அடி.

1628இல் ரூபன்ஸ் மாட்ரிட் வந்து பல மாதம் தங்கினார். டிஷியனின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார், வெலாஸ்கெஸ் கூடவே இருந்தார். பட்டுச் சட்டை, வாள், அரசரோடு நேரடிப் பேச்சு என்று ஓர் ஓவியன் எப்படி வாழலாம் என்பதற்கு மாதிரி கண் முன்னால் நின்றது. மறு வருடமே வெலாஸ்கெஸ் இத்தாலிக்குக் கிளம்பினார்.

அரசருக்கு இதில் என்ன லாபம்? ஏன் இவ்வளவு படம் வாங்கினார்?

காட்டுவதற்குத்தான். ஒரு ராஜ்யம் தளரும்போது அதன் சுவர்கள் இன்னும் பகட்டாகும். 1627, 1647, 1652 என்று இவர் ஆட்சியில் ஸ்பெயின் அரசு கடன் கட்ட முடியாமல் கை விரித்தது. இடையில் 1640இல் கட்டலோனியாவும் போர்ச்சுகலும் கிளம்பிவிட்டன. இந்தக் காலத்தில்தான் 1630களில் மாட்ரிட்டின் கிழக்கு ஓரத்தில் புவன் ரெத்திரோ என்று ஒரு புது அரண்மனையை ஒலிவாரெஸ் கட்டினார், அவசர அவசரமாக, பத்து ஆண்டுக்குள் சுமார் 800 படங்களை வாங்கி நிரப்பினார். ஊர் மக்கள் அதைக் கோழிக்கூண்டு என்று கேலி செய்தார்கள், அங்கே ஒலிவாரெஸின் பறவைக் கூண்டு ஒன்றும் இருந்தது.

அதில் பெரிய மண்டபம் ஒன்று. 12 போர் வெற்றிப் படங்கள், அரச குடும்பத்தாரின் ஐந்து குதிரைச் சவாரிப் படங்கள், ஜன்னல்களுக்கு மேல் ஹெர்குலிஸின் சாகசங்கள் பத்து (இவை செவில் ஓவியர் சுர்பரான் வரைந்தவை), கூரையை ஒட்டி 24 ராஜ்யங்களின் சின்னங்கள். வெளிநாட்டுத் தூதர் உள்ளே வந்தால் வாய் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அந்தப் போர்ப் படங்களில் ஒன்றான மாயினோவின் 'பாயியா மீட்பு' (பாயியா பிரேசிலில் இருக்கிறது) படத்தைப் பாருங்கள்: அரசர் தலையில் வெற்றி மாலை சூட்டுவது போல ஒரு திரைச்சீலை, மாலையைப் பிடிப்பவர்களில் ஒருவர் சாட்சாத் ஒலிவாரெஸ். மந்திரிக்கு இருந்த தைரியத்தைப் பாருங்கள்.

அதே மண்டபத்தில்தான் 'பிரேடா சரணடைதல்' இருந்ததா? அதில் என்ன விசேஷம்?

ஆமாம், வெலாஸ்கெஸ் வரைந்தது, 1634–35. நெதர்லாந்துக் கோட்டை நகரமான பிரேடா, பல மாத முற்றுகைக்குப் பிறகு 1625இல் ஸ்பெயினிடம் விழுந்தது. தோற்ற தளபதி யுஸ்டினுஸ் வான் நசாவ் குனிந்து சாவியை நீட்டுகிறார். வென்ற தளபதி ஸ்பினோலா குதிரையிலிருந்து இறங்கி நின்று, அவர் தோளில் கை வைத்துத் தாங்குகிறார். மண்டியிட விடவில்லை. மற்ற வெற்றிப் படங்களில் காலடியில் எதிரி கிடப்பது வழக்கம், இதில் இரண்டு பெரிய மனிதர்கள் சந்தித்துக்கொள்கிறார்கள். பிரபுத்தனம் என்றால் என்ன என்று வெலாஸ்கெஸ் நினைத்தாரோ அதை இங்கே வரைந்துவைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்பினோலாவை அவருக்குத் தெரியும், 1629இல் பார்சிலோனாவிலிருந்து ஜெனோவாவுக்கு ஒரே கப்பலில் போனவர்கள். படம் வரைந்தபோது ஸ்பினோலா உயிரோடு இல்லை, 1630லேயே போய்விட்டார். படம் மாட்டிய இரண்டு ஆண்டில், 1637இல், பிரேடாவை டச்சுக்காரர்கள் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். படத்தை யாரும் இறக்கவில்லை.

அரசரை ஏன் பெரும்பாலும் கறுப்பு உடையில், நகையே இல்லாமல் வரைந்தார்?

1623இல் ஆடம்பரத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. கழுத்தைச் சுற்றிய பெரிய மடிப்புக் காலர்களுக்குத் தடை, அதற்குப் பதில் 'கொலீயா' என்ற சாதாரணமான விறைப்புக் காலர். அரசரே முதலில் போட்டுக் காட்டினார். கையில் ஒரு காகிதம், பக்கத்தில் ஒரு மேசை, கிரீடம் கிடையாது. நான் அரசன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதவனின் படம் அது. வரவேற்பறையில் கோடி கோடியாய்ச் செலவு, படத்தில் எளிமை!

குள்ளர்கள், கோமாளிகள் எல்லாம் இவர் படங்களில் நிறைய வருகிறார்களே?

அவர்கள் அரண்மனைச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். செபாஸ்தியான் தெ மோர்ரா, பிரான்சிஸ்கோ லெஸ்கானோ, கலபாசாஸ் என்று பெயரோடு தெரியும். பிரபுக்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், வெலாஸ்கெஸ் அரசரைப் பார்த்த அதே கண்ணால் அவர்களைப் பார்த்தார். மோர்ரா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முஷ்டியை இடுப்பில் ஊன்றி நம்மை நேராக முறைக்கிறார், அந்தப் பார்வையை ரொம்ப நேரம் தாங்க முடியாது. இதைக் கருணை என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்களும் இவரும் ஒரே அரண்மனைச் சேவகர்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடிமை வைத்திருந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜுவான் தெ பரேஹா. வெலாஸ்கெஸின் ஓவியக்கூடத்தில் உதவியாளராக இருந்த அடிமை. இரண்டாவது இத்தாலிப் பயணத்தில் கூடப் போனார். ரோமில் வெலாஸ்கெஸ் அவரை வரைந்த படம் 1650 மார்ச்சில் பாந்தியன் என்ற பழங்காலக் கோவிலில் காட்சிக்கு வைக்கப்பட்டு ஊரே பேசியது. தோளில் அங்கி, கழுத்தில் சரிகைக் காலர், நிமிர்ந்த தலை: பார்த்தால் ஒரு கனவான் நிற்கிறார். அந்த நேரத்தில் சட்டப்படி அவர் வெலாஸ்கெஸின் உடைமை. அதே ஆண்டு நவம்பரில் ரோமிலேயே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார், அதிலும் நான்கு ஆண்டு கழித்துத்தான் விடுதலை என்று நிபந்தனை. தன் மரியாதைக்காக அரண்மனையோடு போராடிக்கொண்டிருந்த மனிதர், தன் வீட்டில் இன்னொரு மனிதரைச் சொத்தாக வைத்திருந்தார். இதை மழுப்பிப் பேச வேண்டியதில்லை. பரேஹா பிறகு சொந்தமாக ஓவியர் ஆனார், 1661இல் அவர் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' படத்தின் ஓரத்தில் தன்னையும் வரைந்துகொண்டிருக்கிறார், கையில் ஒரு காகிதத்தோடு.

போப்பை வரைந்ததும் அந்தப் பயணத்தில்தானா?

ஆமாம், பத்தாம் இன்னொசென்ட், 1650. சிவப்பின் மேல் சிவப்பு, நடுவில் யாரையும் நம்பாத இரண்டு கண்கள். "ரொம்ப உண்மையாக இருக்கிறது" என்று போப் சொன்னதாக ஒரு கதை உண்டு, கதையாகவே வைத்துக்கொள்வோம். சாண்டியாகோ சங்கத்தில் சேர்வதற்கு ஆதரவு தேடும் வேலையை வெலாஸ்கெஸ் ரோமில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டார். அரசர் "எப்போது வருவான்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்தார், அவனுடைய மந்தகதிதான் தெரியுமே என்று தூதருக்கு எழுதினார். இவர் 1651 நடுவில்தான் ஊர் திரும்பினார்.

சாண்டியாகோ சங்கம் என்றால் என்ன?

12ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அரசுகளோடு நடந்த போர்களில் தோன்றிய வீரர்கள் சங்கம். 17ஆம் நூற்றாண்டில் போரெல்லாம் கிடையாது, பெரிய இடத்து ஆட்களின் அடையாளம் அவ்வளவே. மார்பில் வாள் வடிவச் சிவப்புச் சிலுவை. சேருவதற்கான விதிகள்தான் கடுமை. தாத்தா பாட்டி நான்கு பேரும் பிரபு குலமாக இருக்க வேண்டும். யூத, முஸ்லிம் முன்னோர் இருக்கக் கூடாது, 'ரத்தத் தூய்மை' என்று அதற்கு ஒரு கொடுமையான பெயர். வியாபாரமோ கைத்தொழிலோ செய்திருக்கக் கூடாது, படம் வரைந்து விற்றிருந்தால் அதுவும் சேர்த்தி.

அப்படியென்றால் ஒரு ஓவியர் எப்படிச் சேர முடியும்?

பொய் சொல்லித்தான்.

1658இல் அரசர் அவர் பெயரை முன்மொழிந்தார். விசாரணை அதிகாரிகள் மாட்ரிட், செவில், போர்ச்சுகல் எல்லை ஊர்கள் என்று அலைந்து 148 பேரிடம் சாட்சி எடுத்தார்கள். எல்லையோடு நின்றதற்குக் காரணம், போர்ச்சுகல் அப்போது ஸ்பெயினோடு சண்டையில் இருந்தது. சாட்சி சொன்னவர்களில் சுர்பரான், அலோன்சோ கானோ, கரேன்யோ போன்ற ஓவியர்களும் உண்டு. எல்லோரும் ஒரே பாட்டு: வெலாஸ்கெஸ் கடை வைத்ததில்லை, படம் விற்றதில்லை, தன் மகிழ்ச்சிக்காகவும் அரசரின் ஆணைக்காகவும் மட்டுமே வரைந்தவர். செவிலில் ஓவியர் சங்கத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியதும், சீடனை ஒப்பந்தம் போட்டுச் சேர்த்ததும், படம் விற்றதும் சுர்பரான் போன்ற செவில் ஓவியர்களுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன? தெரிந்துதான் சொன்னார்கள். ஓர் ஓவியன் அந்தப் படியில் ஏறினால் அது தங்களுக்கும் ஆகும் என்று நினைத்திருப்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதிகாரிகள் தொழிலைப் பற்றிய பொய்யை விழுங்கிவிட்டார்கள். ஆனால் பிரபு குலம் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று சங்கத்தின் மன்றம் கைவிரித்தது. அரசராலும் நேரே மீற முடியாத விதி அது, போப் விலக்குக் கொடுத்தால்தான் உண்டு. போப் ஏழாம் அலெக்சாண்டரிடமிருந்து விலக்கு வந்தது. 1659 நவம்பர் 28 அன்று அரசர் அவரை இடால்கோ என்று அறிவித்தார், சிலுவையும் வந்தது. 36 வருட சேவகத்துக்குப் பிறகு.

'லாஸ் மெனினாஸ்' படத்தில் அவர் மார்பில் அந்தச் சிலுவை இருக்கிறதே? அது 1656இல் வரைந்த படம் ஆயிற்றே?

நல்ல கவனிப்பு. படம் வரைந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் சிலுவை கிடைத்தது, ஆகவே அது பிறகு சேர்த்தது. வெலாஸ்கெஸ் செத்த பிறகு அரசர் வரையச் சொன்னார் என்றும், அரசரே தன் கையால் தீட்டினார் என்று சிலர் சொல்வதாகவும் பலோமினோ என்ற ஓவியர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அரசர் வரைந்தார் என்பது கேட்க அழகாக இருக்கிறது, நான் நம்பவில்லை. கடைசி மாதங்களில் அவரே போட்டுக்கொண்டிருக்கலாம்.

படத்தில் யார் யார் என்றால்: நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரித்தா. இரு பக்கமும் தோழிப் பெண்கள் அகுஸ்தீனா சார்மியெந்தோ, இசபெல் தெ வெலாஸ்கோ. வலது ஓரம் அரண்மனைக் குள்ளர்கள் இருவர்: மரி பார்போலா, நாயை மிதிக்கும் நிக்கோலாஸ் பெர்துசாத்தோ (பின்னாளில் இவருக்கு அரசரின் அறைப் பணியில் நல்ல பதவி கிடைத்தது). பின்னால் வாசற்படியில் அரசியின் அரண்மனை அதிகாரி ஹோசே நியெத்தோ. இடது பக்கம் ஆளுயரத்தை மீறிய துணிச் சட்டத்தின் முன்னால் தூரிகையோடு வெலாஸ்கெஸ், இடுப்பில் அரண்மனைச் சாவி. பின் சுவர்க் கண்ணாடியில் மங்கலாக அரசரும் அரசியும்.

அந்தக் கண்ணாடி எதைப் பிரதிபலிக்கிறது, அவர் எதை வரைகிறார் என்று ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள், அதற்குள் போக வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 318 சென்டிமீட்டர் உயரப் படத்தில், அரச குடும்பத்தின் நடுவில், ஓவியன் நிமிர்ந்து நிற்கிறான், அரசரும் அரசியும் கண்ணாடியில் சின்னதாக இருக்கிறார்கள். தூரிகை துணியைத் தொடவே இல்லை. கை சும்மா இருக்கிறது, அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஓவியம் கைவேலை இல்லை என்ற வாதத்தை இதைவிட அழுத்தமாக எந்த வக்கீலும் வைக்கவில்லை. அந்தப் படம் மாட்டியது அரசரின் கோடைக்கால அலுவல் அறையில், கூட்டம் பார்க்கும் இடத்தில் இல்லை. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் கண்ணில் மட்டும் படும்படி.

அரண்மனைப் பதவிகளால் ஓவியம் கெட்டதா?

எண்ணிக்கை கெட்டது. மொத்தம் நூற்றிருபதுக்குச் சுற்று வட்டாரம்தான் அவர் படங்கள், அதே காலத்தில் ரூபன்ஸின் கூடம் ஆயிரக்கணக்கில் தள்ளியது. 1652இல் அரண்மனையின் தலைமை நிர்வாகி மாதிரி ஒரு பதவியை அரசர் இவருக்குக் கொடுத்தார். குழுவின் சிபாரிசில் இவர் முதலிடத்தில் இல்லை, அரசர் பிடிவாதமாக இவரையே எடுத்தார். அப்புறம் என்ன, விறகு வந்ததா, திரைச்சீலை மாட்டியாயிற்றா, பயணத்தில் அரசர் எங்கே படுப்பார் என்று எல்லாமே இவர் தலையில். தரம் கெட்டதா என்றால் இல்லை, அந்தப் பத்தாண்டில்தான் 'லாஸ் மெனினாஸ்', 'நூல் நூற்பவர்கள்' எல்லாம். ஆனாலும் விறகுக் கணக்குப் பார்த்த நேரத்தில் இன்னும் பத்துப் படம் வந்திருக்குமே என்று எனக்கு ஆறவில்லை.

கடைசியில் அந்த வேலைதான் அவரைக் கொண்டுபோனது. 1660இல் பிரான்ஸ் எல்லையில் பிதசோவா ஆற்றுத் தீவில் இரண்டு அரசர்கள் சந்தித்தார்கள், பிலிப் தன் மகள் மரியா தெரேசாவைப் பதினான்காம் லூயிக்குக் கட்டிக்கொடுத்தார். ஸ்பெயின் தரப்பு அலங்காரமும் வழிநெடுகத் தங்கும் ஏற்பாடும் வெலாஸ்கெஸ் பொறுப்பு. களைத்துப்போய் மாட்ரிட் திரும்பினார், ஜூலை இறுதியில் காய்ச்சல், ஆகஸ்ட் 6 அன்று இறந்தார். ஒரு வாரத்தில் ஜுவானாவும் போய்விட்டார். சிலுவையை அணிந்தது எட்டு மாதம் சொச்சம். இறந்ததும் அரண்மனைக் கணக்கில் பற்றாக்குறை என்று அவர் அறைகளுக்குப் பூட்டு, அந்த வழக்கு தீர 1666 ஆயிற்று. பிரபு ஆனாலும் கணக்குப் பிள்ளை விடுவதில்லை.

அந்தச் சிறுமி இளவரசி என்ன ஆனாள்?

தாய்மாமனான பேரரசர் முதலாம் லியோபோல்டுக்கு 1666இல் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அம்மா மரியானாவே நான்காம் பிலிப்பின் தங்கை மகள், அதாவது மரியானாவுக்குப் பிலிப்பும் சொந்தத் தாய்மாமன்தான். இப்படி ஒரே குடும்பத்துக்குள் மாறி மாறிக் கட்டியதில் தம்பி இரண்டாம் சார்ல்ஸ் பிறவியிலேயே நலிந்து, வாரிசு இல்லாமல் 1700இல் இறந்தார், ஸ்பெயினில் ஹப்ஸ்பர்க் வம்சம் முடிந்தது. மார்கரித்தா 21 வயதில், 1673இல், வியன்னாவில் இறந்தாள். பெண் எப்படி வளர்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட வெலாஸ்கெஸ் வரைந்து அனுப்பிய படங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன: இளஞ்சிவப்பு உடை, வெள்ளை உடை, நீல உடை.

வெலாஸ்கெஸின் வம்சம் இப்போது இருக்கிறதா?

இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். மகள் பிரான்சிஸ்காவை 1633இல் தன் சீடர் மாசோவுக்குக் கட்டிக்கொடுத்தார், அரண்மனை வாயிற்காவலர் பதவியை மாப்பிள்ளைக்கு மாற்றிக் கொடுத்ததும் அந்தக் கல்யாணத்தை ஒட்டித்தான். அந்த வழியில் வந்த பேத்திகள், கொள்ளுப் பேத்திகள் ஜெர்மன் சிற்றரசர் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டு, கிளை விரிந்து, ஸ்பெயினின் சோபியா அரசி வரை வருகிறது. அவர் மகன்தான் இன்றைய ஸ்பெயின் அரசர் ஆறாம் பெலிபே. பிரபு குலம் என்பதற்குச் சான்று போதவில்லை என்று சங்கம் திருப்பி அனுப்பிய அதே ஓவியரின் ரத்தம்.

அரண்மனை எரிந்ததாமே, படங்கள் எப்படித் தப்பின?

1734 கிறிஸ்துமஸ் முந்தின இரவு மாட்ரிட் பழைய அரண்மனை பற்றி எரிந்தது, நாள் கணக்கில். ஐநூறுக்கும் மேல் படங்கள் போயின, 1627இல் போட்டியில் வென்று வெலாஸ்கெஸ் பெயர் வாங்கிய 'மொரிஸ்கோக்களின் (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட ஸ்பெயின் முஸ்லிம்களின்) வெளியேற்றம்' உட்பட. 'லாஸ் மெனினாஸ்' தப்பியது, இளவரசியின் கன்னத்தில் பட்ட சேதத்தைப் பிறகு சரிசெய்தார்கள். இரண்டாம் கண்டம் உள்நாட்டுப் போரில்: 1936இல் மாட்ரிட்டில் குண்டு விழுந்தபோது லாரிகளில் வலென்சியா, அங்கிருந்து கட்டலோனியா, 1939இல் ஜெனீவா வரை போய்த் திரும்பியது.

நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

பெரும் பங்கு மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில். மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அங்கே கட்டணம் இல்லை, அதற்கேற்ற வரிசை நிற்கும், 'லாஸ் மெனினாஸ்' முன்னால் நிம்மதியாக நிற்க ஆசைப்பட்டால் காசு கொடுத்துக் காலையிலேயே போங்கள். உள்ளே புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள். தண்ணீர் விற்பவர் லண்டனில் ஆப்ஸ்லி மாளிகையில், முட்டை பொரிக்கும் கிழவி எடின்பரோவில், போப் ரோமின் டோரியா பாம்பிலி மாளிகையில், மார்கரித்தாவின் மூன்று உடைகளும் வியன்னாவில். பரேஹா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறார், 1970இல் லண்டன் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்கு விலைபோன படம், அதுவரை எந்த ஓவியமும் ஏலத்தில் அந்த விலை போனதில்லை.